தண்ணியே குடிக்காத அம்மா எழுதுவது

பிரகாஷ்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கும் தெரியும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள்தான் உன் அம்மா. ஆனால் நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கஞ்சி குடித்து, படுத்து, எழுந்து, சாமி கும்பிட்டு, மறுபடியும் படுத்துப் பார்த்தாயிற்று. உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. கோபம் தேறவும் இல்லை, ஆறவும் இல்லை. பெற்ற பிள்ளை மேல் இத்தனை நாள் கோபத்தை வைத்திருக்க முடியும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? "சரிம்மா, சரிம்மா, வேன்ல ஆளுங்க இருக்காங்க, அப்புறம் எடுக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். உன்னுடைய அந்த அப்புறம் எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். எழுதி உனக்கு மட்டும் ரகசியமாக அனுப்பப் போவதும் இல்லை. நீ என்னைப் பற்றி ஊருக்கே தெரியும்படி பேஸ்புக்கில் போட்டாய், நானும் ஊருக்கே தெரியும்படிதான் பதில் சொல்லுவேன். பக்கத்து வீட்டு டீச்சர் இதை அப்படியே படம் எடுத்து உன் பதிவுக்குக் கீழேயே போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறாள். அம்மா இப்படிச் செய்யலாமா என்று உனக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும்.

நீ போட்டது என்ன என்று தெரியாமல் இதை வாசிக்கிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்கு மேலே இருக்கும் புல்மலையில் நான் முன்னால் ஏறிப் போகிறேன். இரண்டு பக்கமும் ஊதாப்பூ. பின்னால் ஏதோ பாட்டு ஓடுகிறது. மேலே நீ எழுதியிருக்கிறாய்: "என் அம்மா. காலம் பூரா கொழுந்து எடுத்தவர். கொளுத்தும் வெயிலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எங்கள் எல்லோருக்கும் முன்னால் மலை ஏறினார். மலையின் மகள்!" அதற்குக் கீழே எத்தனை இதயம், எத்தனை கைதட்டல். சூப்பர் அம்மா என்கிறார்கள். இரும்பு மனுஷி என்கிறார்கள். இந்த அம்மா உங்களுடைய நடைப்பயணத்துக்கெல்லாம் வருவாரா, நாங்களும் வந்தால் பார்க்கலாமா என்று ஒருத்தர் கேட்கிறார். டூரிஸ்ட்டுகளை மலை ஏற்றிப் பிழைக்கிற நீயும் கூச்சமே இல்லாமல், எல்ல டவுனிலிருந்து 'அம்மாவின் பாதை' என்று புதிதாக ஒரு பயணம் தொடங்கப் போவதாகப் பதில் எழுதியிருக்கிறாய். நீ அந்தப் பதிவைப் போட்ட அன்று சாயந்தரமே அந்த மலையின் மகள் பதுளை ஆஸ்பத்திரியில் கையில் சேலைன் ஊசியோடு கிடந்தாள். அதை நீ எங்கும் எழுதவில்லை. இன்று வரைக்கும் எழுதவில்லை.

நடந்ததை நடந்தபடி சொல்லுவோம். ஆவணியில் உனக்கும் தர்ஷினிக்கும் கல்யாணம். ஆடி முடிவதற்குள் இரண்டு குடும்பமும் சேர்ந்து எங்காவது ஒரு நாள் போய் வரலாம் என்று பேச்சு வந்தபோது, வெலிமடைச் சம்பந்தி கோயிலுக்குப் போகலாம் என்றார். கடையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் காலத்தை ஓட்டுகிற மனுஷன், அவருக்குக் கோயில் போனால்தான் வெளியே போன மாதிரி. நீதான் விடவில்லை. "கோயிலுக்கு எப்ப வேணாலும் போகலாம் மாமா. இந்தப் பூ வருஷத்துல கொஞ்ச நாள்தான். மேல வந்து பாருங்க, மலையே ஊதாவா இருக்கு" என்றாய். சிங்களத்தில் அதை பினர மல் என்பார்கள், நாங்கள் ஊதாப்பூ என்போம். அந்தப் புல்மலைக்கு நான் விறகுக்குப் போயிருக்கிறேன், மானாப்புல் அறுக்கப் போயிருக்கிறேன். பூப் பார்க்க என்று போனதே இல்லை. நீ கூப்பிட்டபோது எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. என் மகன் என்னைப் பூப் பார்க்கக் கூட்டிப் போகிறான் என்று லயத்து வீடுகளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்றைக்கு விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டேன், சம்பல் அரைத்தேன், கிழங்கு பிரட்டினேன். உங்கள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் அரைக் கோப்பைதான் குடித்தேன். அதற்கு மேல் குடிக்கவில்லை. புதுச் சம்பந்தம், அவர்கள் கூடவே பகல் முழுக்க இருக்கப் போகிறோம், மலையில் ஒரு மறைவு கிடையாது, நடுவில் முட்டிக்கொண்டு வந்தால் நான் எங்கே போவேன்? இந்தக் கணக்கை நான் உட்கார்ந்து யோசித்துப் போடவில்லை. கை தானாகக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டது.

தேயிலை முடிகிற இடம் வரை வேன் போயிற்று. அதற்கு மேல் நடை. ஆடிக் கச்சான் காற்று எப்படி என்று உனக்குத் தெரியும், வாயைத் திறந்தால் நாக்கு உலர்ந்துவிடும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டது, ஏனென்றால் நீ படம் எடுப்பதற்கு வெளிச்சம் வரட்டும் என்று எங்களை லேட்டாகத்தான் கிளப்பினாய். ஆளுக்கொரு தண்ணீர் போத்தல் கொடுத்தாய். எனக்கும் நீட்டினாய், அதை நான் மறைக்க மாட்டேன். நான் "வேணாம்பா" என்றேன். ஏன் வேண்டாம் என்று நீ கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சம்பந்தி பக்கம் திரும்பிச் சிரித்தாய். "எங்கம்மாவுக்குத் தண்ணியே தேவையில்ல மாமா. பகல் பூரா மலையில நிப்பாங்க, ஒரு சொட்டு குடிக்க மாட்டாங்க. மலைக்காரங்க அப்படித்தான்" என்றாய். உன் குரலில் அவ்வளவு பெருமை. சம்பந்தி தலையை ஆட்டிவிட்டு, "அந்தக் காலத்து ஆளுங்க வேறதான் தம்பி. இப்ப உள்ள பொண்ணுங்களால முடியுமா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் மகள் மேல் போயிற்று. தர்ஷினி அப்போதுதான் போத்தலைத் திறந்து வாய்க்குக் கொண்டு போயிருந்தாள். மூடியைத் திருப்பி மாட்டிப் பைக்குள் வைத்துவிட்டாள். நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை, நீ கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

இப்போது கேள். உன் அம்மா தண்ணீர் குடிக்காமல் இருந்தது வீரம் இல்லை. தேயிலை மலையில் எங்களுக்குக் கக்கூஸ் கிடையாது. கக்கூஸ் என்று எழுதுகிறாளே என்று முகம் சுளிக்காதே, வேறு எந்தப் பெயர் வைத்தாலும் அது அங்கே கிடையாதுதான். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறினால் கொழுந்து நிறுத்துக் கொடுத்து இறங்கும் வரை மேலேதான். ஆம்பளைகள் எங்காவது திரும்பி நிற்பார்கள், முடிந்தது வேலை. நாங்கள் என்ன செய்வது? இரண்டு பேர் இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்துத் திரை மாதிரிப் பிடிப்பார்கள், ஒருத்தி மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் இறங்கி உட்காருவாள். அட்டை ஏறும். மேல் வரிசையிலிருந்து கங்காணி, "என்னம்மா அங்க மாநாடு? கொழுந்து யாரு எடுக்கிறது?" என்று கத்துவார். கூட இருக்கிற ஆம்பளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை ஒரு தடவை கேட்டவள் மறுநாள் தண்ணீர்ப் போத்தலை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாள். நான் பதினாறு வயதில் வேலைக்குப் போனேன். சேர்ந்த கிழமையே பழையவர்கள் எனக்குச் சொல்லித் தந்த முதல் தொழில் கொழுந்து எடுப்பது இல்லை, தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போன நாட்களில் எனக்கு நீர்க்கடுப்பு வந்து குளிர்காய்ச்சல் அடித்தது. உன் அப்பா பதறிப்போய் பதுளைக்கு ஓடிப் போய்த் தெம்பிலி இளநீர் வாங்கி வந்து வெட்டிக் கொடுத்தார். "ஏன்டி முன்னாடியே சொல்லல?" என்று என்னைத்தான் திட்டினார். "நீங்க கேக்கல" என்றேன். நல்ல மனுஷன், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பிறகும் ஒரு நாளும் கேட்கவில்லை. என்னோடு ஒரே வரிசையில் நின்ற ராசாத்தியை உனக்கு நினைவிருக்கும், உனக்குக் கொய்யாப்பழம் கொண்டு வந்து கொடுப்பாளே, அவளுக்கு ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள், பிறகு மற்றதும் கெட்டது, போய்ச் சேர்ந்தாள். சாவு வீட்டில் எல்லோரும் அவள் விதி என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் நான் விட மாட்டேன். சாயந்தரம் நான் வேலை விட்டு வந்ததும் கூடையைக்கூட இறக்காமல் நேரே தண்ணீர்ப் பானைக்குத்தான் போவேன். செம்பு செம்பாக மொண்டு குடிப்பேன், சேலையெல்லாம் நனையும். நீ வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாய். "அம்மா, நீங்க யானையா?" என்று கேட்பாய். "ஆமாடா, தும்பிக்கையை மலையில விட்டுட்டு வந்துட்டேன்" என்பேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். தினமும் யானை மாதிரிக் குடிக்கிறவளுக்குத் தண்ணீரே தேவையில்லை என்று நீ எப்படிச் சொன்னாய்? அந்த யானையை நீ எங்கே தொலைத்தாய்?

மேலே போனோம். உண்மையைச் சொல்ல வேண்டும், பூ அழகாகத்தான் இருந்தது. கண்ணுக்கு எட்டின மட்டும் ஊதா, நடுவில் மஞ்சள் பொட்டு, காற்றில் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. பூ மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். நீ விட்டால்தானே. "அம்மா, இன்னொரு தடவை கீழ போயிட்டு வாங்க, சூரியன் பின்னால வருது", "அம்மா, சிரிக்காம வாங்க", "அம்மா, முந்தானையை இடுப்புல சொருகுங்க, அதான் அழகு". வேனில் என் பழைய கொழுந்துக் கூடையை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாய், அதைத் தலையில் மாட்டச் சொன்னாய். அதற்கு மட்டும் மாட்டேன் என்றேன். அந்த ஏற்றத்தை நான் உனக்காக எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று எண்ணவில்லை. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டி இழுத்தது. வியர்வை நின்றுவிட்டது. உடம்பு குளிர்ந்து போன மாதிரி இருந்தது, அவ்வளவு வெயிலில். பேசாமல் இருந்தேன். நாங்கள் பேசாமல் இருக்கத்தானே படித்தோம்.

இறங்கும்போது தேயிலை தொடங்குகிற இடத்தில் விழுந்தேன். விழுந்தது எனக்கு நினைவில்லை. தர்ஷினி "அத்தை, அத்தை" என்று அலறியது மட்டும் தூரத்தில் கேட்டது. பிறகு வார்டு. டாக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, தமிழ் தெரிந்த நர்ஸ் அவள் கேட்டதை எனக்குத் தமிழில் சொன்னாள். "காலையிலிருந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனீங்க அம்மா?" ஒரு தடவையும் இல்லை என்றேன். "ஏன்?" என்று கேட்டாள். என் ஆயுளில் அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது அந்த டாக்டர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிறுநீரகம் முன்னாலேயே பழுதாகி இருந்திருக்கிறது, அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கெட்டிருக்கிறது. இனி நான் கிளினிக்குக்கு அலைய வேண்டும். அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ வராந்தாவில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எனக்கு அப்போது தெரியாது.

இது வரைக்கும் நடந்ததற்கு நான் உன்னை மன்னித்திருப்பேன். பொடியனுக்குப் புத்தி பத்தவில்லை, தொழில் பைத்தியம், கல்யாணம் முடிந்தால் சரியாகிவிடும் என்று வழக்கம்போல என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். ஆனால் மூன்றாம் நாள் தர்ஷினி வார்டுக்கு வந்தாள். வீட்டில் டவுனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெலிமடையிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள், குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"அத்தை, எனக்கும் அன்னைக்கிலேருந்து கடுக்குது. அம்மாகிட்ட சொல்லல."

"நீ ஏன்டி தண்ணி குடிக்கல? உங்கிட்ட போத்தல் இருந்துச்சே?"

"நீங்க குடிக்கல. அவரு உங்களை அவ்வளவு பெருமையா சொன்னாரு. நான் குடிச்சா என்னமோ மாதிரி இருந்துச்சு அத்தை. குடிச்சிருந்தாலும் எங்க போறது? அப்பா இருக்காரு, அவரு இருக்காரு."

நான் பதினாறு வயதில் கற்றதை அந்தப் பெண் ஒரே காலையில் கற்றுக்கொண்டுவிட்டாள். அதில் என் பங்கு உண்டா என்றால் உண்டு. பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு இன்று வரை ஆறவில்லை. என்னை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தபோது, பின் சீட்டுக்குக் கீழே ஒரு பச்சைப் பை அவள் காலில் தட்டுப்பட்டிருக்கிறது. இது என்ன என்று மறுநாள் உன்னிடம் கேட்டிருக்கிறாள். அது மடக்குக் கூடாரமாம். உள்ளே ஒரு மடக்குக் கக்கூஸாம். வெளிநாட்டுப் பெண்களை மலைக்குக் கூட்டிப் போகும்போது பாதி வழியில் மறைவாக விரித்து வைப்பாயாம். அவர்கள் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே நீ கேட்பாயாம், போக வேண்டுமா, தண்ணீர் குடித்தீர்களா, தலை சுற்றுகிறதா என்று. அன்றைக்கு ஏன் அதை எடுக்கவில்லை என்று தர்ஷினி கேட்டதற்கு நீ சொன்னாயாமே, "அது டூரிஸ்ட்டுங்களுக்கு. அன்னைக்கு நம்ம ஆளுங்கதானே" என்று.

அடப்பாவி. உனக்குத் தெரிந்திருக்கிறது. பெண்பிள்ளைகள் மலையேறினால் என்ன தேவைப்படும் என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தாய் என்றால் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்து வைத்துக்கொண்டு, கையிலும் வைத்துக்கொண்டு, முகம் தெரியாத வெள்ளைக்காரிக்கு விரிக்கிறவன், பெற்றவளுக்கும் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் விரிக்காமல் சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாய். நாங்கள் அடக்கிக்கொண்டு ஏறியதை வீடியோ எடுத்தாய். அதற்குப் பாட்டும் போட்டாய். கங்காணி சிரித்தார், அதோடு விட்டார். நீ அதை விற்கப் பார்க்கிறாய். அந்தக் கங்காணி எனக்கு யாரோ. நீ நான் பெற்ற பிள்ளை.

அன்று சாயந்தரம் நீ ஆப்பிளும் திராட்சையும் வாங்கிக்கொண்டு வந்தபோது கேட்டேன். சண்டையாகக் கேட்கவில்லை, பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள். "அந்தக் கூடாரத்தை ஏன்டா எடுக்கல?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "நீங்க பழகினவங்கதானேம்மா" என்றாய். சொல்லிவிட்டு ஆப்பிளைக் கழுவப் போய்விட்டாய். அப்போது விட்டதை இப்போது சொல்லுகிறேன், ஊர் கேட்கட்டும். நாங்கள் பழகவில்லை பிரகாஷ். ஒரு நாளும் பழகவில்லை. அடக்கினோம். ஒவ்வொரு நாளும் புதிதாக வலித்தது, ஒவ்வொரு நாளும் புதிதாக அடக்கினோம். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அது பழக்கம் மாதிரித் தெரியும்.

அதனால் உன்னிடம் சிலது கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். அந்தப் பதிவை எடு. எடுத்துவிட்டுச் சும்மா இருக்காதே, அதே இடத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்று உன் கையாலேயே எழுது, வேனில் கூடாரம் இருந்தது வரைக்கும். 'அம்மாவின் பாதை' என்று என் பெயரில் ஒரு பயணமும் நீ நடத்தக் கூடாது. நான் போன பாதையில் யாரும் போக வேண்டாம். இனி யாரை மலைக்குக் கூட்டிப் போனாலும், அது வெள்ளைக்காரியாக இருந்தாலும், சுமை தூக்க வருகிற லயத்துப் பிள்ளையாக இருந்தாலும், அந்தப் பச்சைப் பை முதலில் வேனை விட்டு இறங்க வேண்டும்.

தர்ஷினியை டாக்டரிடம் கூட்டிப் போ. அவளை அவள் அம்மாவோடு அனுப்பிவிட்டு வெளியே நிற்காதே, நீயும் உள்ளே போய் உட்கார்ந்து டாக்டர் சொல்வதைக் காது கொடுத்துக் கேள். அவள் வாய் திறக்க மாட்டாள், நான் திறக்காத மாதிரி. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தால் நீ உன் அப்பா மாதிரி நல்லவன் என்று பேர் வாங்கிக்கொண்டு போய்ச் சேருவாய், அவள் ராசாத்தி மாதிரிப் போய்ச் சேருவாள். நான் மருமகளாக வந்த வீட்டில் எனக்குப் பொறுத்துக்கோ என்று சொன்னார்கள். அந்த வார்த்தையை நான் அவளுக்குச் சொல்ல மாட்டேன். அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டுவிட்டாள். எனக்குப் பெண்பிள்ளை இல்லை, அவள்தான்.

பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, அம்மா என்ன செய்துவிடுவாள் என்று நினைக்காதே. வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். நீ ஒன்றும் செய்யவில்லை என்றால் சனிக்கிழமை காலையில் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வெலிமடை பஸ்ஸில் ஏறுவேன். சம்பந்தி கடைக்குள் நேரே போய், "உங்க பொண்ணை என் மகனுக்குக் குடுக்காதீங்க" என்று பெற்ற தாய் நானே சொல்லுவேன். ஏன் என்று அவர் கேட்பார். 'இப்ப உள்ள பொண்ணுங்க' என்று மலையில் பேசினாரே, அவருக்கும் நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லுவேன்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு செம்புத் தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். பாதி வழியில் எனக்கு முட்டினால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லுவேன், எதற்கு என்பதையும் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லுவேன்.

அம்மா